வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தது

நாவல்மேடு,
சின்னசேலம் வழி,
9.8.2023

திருமதி ஆண்டாள் தனசேகரன் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பி செத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று அத்தனை பேர் முன்னால், இனி உங்கள் குரலை என் காதால் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சொன்னது சொன்னதுதான். அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். நீங்களும் பண்ண வேண்டாம், எடுக்கமாட்டேன்.

போன வாரம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். விவசாயம் நொடித்துக் கடன் தாங்காமல் போனவர் குடும்பத்துக்கு ஏதோ உதவி கேட்கலாம், மனுப் போடு என்று சொன்னார்கள். மனுவை வாங்கிய ஆபீசர் அம்மா, அதோடு இணைத்திருந்த போலீஸ் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வயித்துவலின்னு போட்டுக்கீது? வயித்துவலிக்கு இந்த ஆபீசு இன்னா பண்ணும்?" என்றார். வாங்கிப் படித்தேன். 'என் தம்பி பகலவன் நீண்ட நாட்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு, வலி பொறுக்கமாட்டாமல் மனமுடைந்து...' கீழே உங்கள் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டிருந்தீர்கள்.

பதினாலு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான். ஒருநாள்கூட வயிறு வலிக்கிறது என்று அவர் படுத்ததில்லை. அன்றைக்கு நான் நினைவு தப்பிக் கிடந்தேன். ஸ்டேஷனுக்குப் போனது நீங்களும் உங்கள் பெரியப்பா காசிநாதனும். அவர் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை உங்களுடையது.

கள்ளக்குறிச்சியில் கோட்டாட்சியர் முன்னால் வந்து, அது வயிற்றுவலி இல்லை, கடன்தான் என்று நீங்கள் வாக்குமூலம் கொடுத்தால் மறுபடி விசாரிப்பார்களாம். வாருங்கள். வந்து அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும். போவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் மலைக்கு வந்து உங்கள் வீட்டில் ஒருநாள் இருந்தாரே. என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? இதைக் கேட்கவே கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

நிர்மலா


கொட்டாம்பாறை,
வெள்ளிமலை வழி,
21.8.2023

அன்புள்ள நிர்மலாவுக்கு,

திருமதியா நான் உனக்கு? கல்யாணமாகி வந்த புதிதில், தலை பின்னத் தெரியாமல் என் மடியில் வந்து உட்காருவாயே, அப்போது தெரியவில்லையா திருமதி?

உன் கடிதத்தை வெள்ளிமலை தபாலாபீசிலிருந்து இவர்தான் கொண்டுவந்தார். ஜீப்பில் புளி மூட்டைக்கு நடுவில் கசங்கிக் கிடந்தது. பிரித்துப் படித்துவிட்டு உலையைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். ஹாஸ்டலில் அறுபது பிள்ளைகளுக்கும் அன்றைக்கு அடிப்பிடித்த சாம்பார்தான். மலைப்பிள்ளைகள் நல்லதுகள், முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "ஆண்டாளம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதுகள்.

நீ சொன்னது நிஜம். கை என்னுடையதுதான். ஆனால் அந்தக் காலையை நீ பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடன்னு எழுதினா ஆபீசருங்க வருவாங்க, பேப்பர்காரன் வருவான், வூட்டு மானம் சந்தி சிரிக்கும். வயித்துவலின்னு எழுது, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. பொண்ணு கீற வூடும்மா. நாளைக்கு அதைக் கட்டிக்க எவன் வருவான்?" என்றார். ஸ்டேஷன் ரைட்டரும் அதற்குத் தயாராகவே இருந்தார். பேனாவைத் திறப்பதற்கு முன்னாலேயே, "வயித்துவலிதானே?" என்றார். என் தம்பியை உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் கொடுத்துவிடட்டும் என்று ஒரே நினைப்பு. போட்டுவிட்டேன்.

இப்போது வந்து மாற்றிச் சொல் என்கிறாய். பொய்ப் புகார் கொடுத்தாயா என்று என்னைத் திருப்பிக் கேட்டால்? நான் சமையல் வேலையில் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு காகிதம் வந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவருடைய ஜீப் மாதத்தில் பாதி நாள் மெக்கானிக்கிடம் நிற்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. கூடவே இருந்தவள் நீ. ஒரே பாயில் படுத்தவள். உனக்குத் தெரியாததா மலை மேல் இருக்கிற எனக்குத் தெரிந்துவிடும்?

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், போனான்.

அண்ணி ஆண்டாள்


நாவல்மேடு,
3.9.2023

அண்ணிக்கு,

கூடவே இருந்தவள் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். சொந்த நிலம் முக்கால் ஏக்கர் போதவில்லை என்று உங்கள் பெரியப்பாவிடம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைக்குக் காகிதம் கேட்டதற்கு, "சொந்தத்துக்குள்ள இன்னாடா காகிதம்?" என்று சிரித்தார் பெரியவர். காகிதம் இல்லாததால் அந்த மூன்று ஏக்கருக்கு பேங்க்கில் கடன் இல்லை, பயிர் காப்பீடும் இல்லை. இப்போது ஆபீசில் கேட்டால் அவர் அந்த நிலத்தில் விவசாயியே இல்லை. மரவள்ளி நட்டார். மாவுப்பூச்சி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் குருத்தெல்லாம் கோலமாவு தூவியது போல வெள்ளையாக இருக்கும். மருந்தடித்தார், வேலைக்காகவில்லை. கடைசியில் கையாலேயே குருத்துக் கிள்ளி எரித்தார். மூன்று ஏக்கரையும் ஒரு ஆள் கிள்ள முடியுமா? தனியாக உட்கார்ந்து கிள்ளினார்.

பிடுங்கிய கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே கிழங்கில் மாவு எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. பாயிண்ட் கம்மி என்றார்கள். லாரி வாடகைக்கும் பிடுங்கின கூலிக்கும் சரியாகப் போயிற்று. குத்தகையை மட்டும் உங்கள் பெரியப்பா குறைக்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

அதற்குள் என் பேரில் மகளிர் குழுவில் வாங்கிய கடன். அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நான் கட்டாவிட்டால் குழுவில் மற்ற ஒன்பது பேர் சேர்ந்து கட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை ஆனால் தலைவி சின்னப்பொண்ணு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவாள். திட்டமாட்டாள். பேசவும் மாட்டாள். முந்தானையை உதறிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். என்னோடு களைவெட்டப் போனவள், என் பிரசவத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவள் வந்தால் இவர் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போய்விடுவார். ஒரு ஆம்பிளை தன் வீட்டிலிருந்து பின்வாசல் வழியாகப் போவதை நான் பார்த்தேன் அண்ணி. பார்த்தும், "தைரியமா நின்னு பதில் சொல்லு, எனக்கு மட்டும் தோலு இன்னா எருமைத்தோலா?" என்று கேட்டேன். தெரியுமா என்றால் இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வயிற்றுவலி இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தியா அதை நம்புகிறாள். அவள் என்னோடு சரியாகப் பேசி மாதக்கணக்காகிறது. என் கையால் சோறு போட்டால் தட்டை நகர்த்திவிட்டுத் தானே போட்டுக்கொள்கிறாள். ஏன் என்று ஒருநாள் பிடித்து உலுக்கினேன். "அப்பாவுக்கு வலிக்குதுன்னு உனக்குத் தெரியும்ல? ஏன் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போகலை?" என்றாள். பன்னிரண்டு வயசுப் பெண்.

உங்கள் வேலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எழுதமாட்டேன்.

நிர்மலா


கொட்டாம்பாறை,
24.10.2023

நிர்மலா,

நீ எழுதமாட்டேன் என்றாய். நான் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே.

ஆயுத பூஜை முடிந்து ஹாஸ்டல் காலியாக இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டன. பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக மழை. எதிர்ச்சரிவில் சாமைக்கதிர் நனைந்து படுத்துவிட்டது. அதைப் பார்த்தாலும் அவன் ஞாபகம்தான் வருகிறது. எங்கள் அப்பா கட்சிக்காரர், பகலவன் என்று தூய தமிழில் பேர் வைத்தார். அதற்குப் போட்டியாக அம்மா எனக்கு ஆண்டாள் என்று சாமி பேர் வைத்தாள். வீட்டுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. அந்தத் தம்பிக்கு நான் செய்ததைக் கேள்.

அவன் வந்தது ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி பஸ்ஸில். முன்னால் சொல்லாமல் வந்தான். தூரத்தில் நடந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பணம் கேட்க வருகிறவன் நடை தெரியாதா? செருப்பைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன். ஜீப் ரிப்பேர், மகனுக்குச் சென்னையில் ஓட்டல் வேலை போனது, எனக்கு மூன்று மாதச் சம்பளம் வராதது, எல்லாவற்றையும் கொட்டினேன். பாதி நிஜம், பாதி கூட்டிச் சொன்னது. அவன் கேட்டுவிடக்கூடாது, கேட்டு நான் இல்லை என்று சொல்லும்படி ஆகக்கூடாது, அதற்காகத்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, அதை அன்றைக்கு நடத்திக் காட்டினேன்.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "உனக்கே இவ்ளோ கஷ்டமாக்கா" என்றான். பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்தான். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கென்று அவனிடம் இருந்தது அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. இவர் கொண்டுபோய்க் கச்சிராயபாளையத்தில் விட்டுவிட்டு வந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தால் அவன் சொல்லியிருப்பான் நிர்மலா. அழுதிருப்பான். அவன் சொல்ல வந்ததை உள்ளேயே திருப்பி அனுப்பினவள் நான். அதனால்தான் ரைட்டர் வயிற்றுவலியா என்று கேட்டதும் பிடித்துக்கொண்டேன். வயிற்றுவலி என்றால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது பார். பெரியப்பா மானத்துக்காகச் சொன்னார். நான் எனக்காக எழுதினேன்.

அந்த நூறு ரூபாய் இன்னும் அரிசிப்பானைக்குள் இருக்கிறது. செலவு செய்யவும் முடியவில்லை, சாமி உண்டியலில் போடவும் மனசில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

ஆண்டாள்


நாவல்மேடு,
20.11.2023

அண்ணி,

இதைத் தபாலில் போட்டால் நாளாகும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே முடிவு சொல்லுங்கள்.

சந்தியா பெரியவளாகிவிட்டாள். பதினாலாம் தேதி.

நல்ல செய்தி சொல்கிற கடிதம் இப்படியா இருக்கும் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். இரண்டு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு படுத்திருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் பண்ணினார். அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம், ரெக்கார்ட் நோட்டை இன்னொருத்திக்கு. ஏன் என்று கேட்டதற்கு, "எங்கப்பாவுக்கு வந்த வயித்துவலி எனக்கும் வந்துடுச்சு மிஸ், இனிமே எனக்கு இதெல்லாம் வேணாம்" என்றாளாம். ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கழிவறையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல்.

நான் ஓடினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு, இது அது இல்லைடி, இது எல்லாப் பெண்ணுக்கும் வருகிறது என்று சொன்னேன். நம்பவில்லை. "அப்பாவுக்கும் ஒன்னுமில்லைன்னுதான் சொல்லியிருப்பே" என்றாள்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். நீங்கள் அரிசிப்பானையைத் திறந்து காட்டினீர்கள், நான் மட்டும் மூடி வைத்திருப்பது நியாயம் இல்லை. எனக்கு நினைவு வந்த பிறகு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, "வயித்துவலிதானேம்மா?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். அன்று மாலை சந்தியா, "அப்பா ஏம்மா செத்தாரு?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். என் வாயால், என் பிள்ளைக்கு. உங்கள் கையெழுத்தைப் பார்த்து நான் கத்தியதெல்லாம், என் வாயை நான் கழுவப் பார்த்ததுதான்.

இனிமேல் அவள் என் பேச்சை நம்பமாட்டாள். உங்களை நம்புவாள். அப்பா ஜாடை உங்களிடம் இருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி பதினாறாம் நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். துக்க வருஷம், பந்தல் கிந்தல் ஒன்றும் இல்லை. என் அண்ணன் ஜெயப்பிரகாஷ் வந்து தாய்மாமன் முறைக்கு ஓலைக் குடிசை கட்டிவிட்டுப் போயிருக்கிறார். முதல் தண்ணீர் அத்தை ஊற்றவேண்டும். இருக்கிற ஒரே அத்தை நீங்கள்.

தாலுகா ஆபீஸ், மனு, எல்லாம் கிடக்கட்டும். வந்து என் பெண்ணிடம் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவள் சாப்பாட்டுக்கே பயப்படுகிறாள்.

நிர்மலா


(அதே கடிதத்தின் பின்பக்கம்)

21.11.2023

நிர்மலா, கண்டக்டர் நின்றுகொண்டு விசில் அடிக்கிறான். வருகிறேன். இருபத்தெட்டாம் தேதியே இறங்கி, கள்ளக்குறிச்சியில் கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போய்விட்டு அப்படியே வருகிறேன். வேலை போனால் போகட்டும், சமைக்கத் தெரிந்தவள் பட்டினி கிடக்கமாட்டாள். உன் சத்தியம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் எதிரில் வாயைத் திறக்கமாட்டேன். பிள்ளைக்கு முதல் உளுந்தங்களி என் கையால்தான், அதற்குள் நீ கிண்டி வைக்காதே.

ஆ.


நாவல்மேடு,
6.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு மூன்று நாள் யோசித்து எழுதுகிறேன். நேரில் வந்தவரிடம் பேசாமல், போன பிறகு கடிதம் எழுதுகிற கிறுக்கி நான் ஒருத்திதான்.

அன்றைக்கு நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். உங்கள் பெரியப்பா வீட்டுப் பெரியம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டார், "தாலியறுத்தவ முன்னால வராதே, புள்ளைக்கு நல்லா இருக்காது" என்று. சொந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டேன். சந்தியாவை மணையில் உட்கார வைத்தார்கள். சொம்பை எடுத்த நீங்கள் அதைக் கீழே வைத்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அத்தனை பேர் நடுவில் இழுத்துக்கொண்டு போய் என் கையில் சொம்பைக் கொடுத்து, என் கைமேல் உங்கள் கையை வைத்து, இரண்டு பேருமாக ஊற்றினோம். உங்கள் பெரியப்பா காசிநாதன் தொண்டையைக் கனைத்தார். பெரியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் வாய் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வழிகிற முகத்தோடு சந்தியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது மாதமாக அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

பிறகு நீங்கள் குடிசைக்குள் போனீர்கள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். நீங்கள் சொன்னதை அன்று இரவு அவள் எனக்குச் சொன்னாள். "அத்தை சொல்லுச்சும்மா. அப்பாவுக்கு வயித்துவலி இல்லியாம். வெளைஞ்சதுக்கு வெலை இல்லாம, கடனை யார்கிட்டயும் சொல்ல வெக்கப்பட்டுக்கினு செத்துட்டாராம். அத்தைகிட்ட சொல்ல வந்தாராம், அத்தை சொல்லவுடலியாம். அத்தை அழுவுச்சு." பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? என் உண்டியல்ல இருந்ததே" என்றாள்.

சேர்ந்து அழுதோம். நான் பிசைந்து கொடுத்த சோற்றை என் கையாலேயே வாங்கிச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சின்னப்பொண்ணு வந்தாள். வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தாள். சந்தியா போய் அவள் எதிரில் உட்கார்ந்து, "எங்கப்பா கடனாலதான் செத்தாரு பெரியம்மா. இனிமே வந்து உக்காராதீங்க, அம்மா கூலிக்குப் போயிக் கொஞ்சம் கொஞ்சமா கட்டும்" என்றாள். சின்னப்பொண்ணு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தவணை தவணையாக வாங்கிக்கொள்ளச் சொல்லி அவளே குழுவில் பேசுகிறாளாம். நடந்தால் பார்க்கலாம்.

உங்கள் வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள். எத்தனை நாள் இருக்குமோ, சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனால் காகிதத்தில் இப்போது நிஜமும் ஒரு பக்கம் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒன்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினீர்கள். கோபத்தில் எழுதியது என்று எனக்குப் பட்டது. அவர் போன பிறகு நான் இந்த வீட்டில் ஒவ்வொரு இடமாகத் தேடிவிட்டேன் அண்ணி. சட்டைப் பை, டைரி, போனில் பழைய மெசேஜ். எனக்கென்று ஒரு வார்த்தை வைத்துவிட்டுப் போகவில்லை. நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தேடுவதை விட்டுவிடுகிறேன்.

நிர்மலா


கொட்டாம்பாறை,
22.12.2023

என் நிர்மலாவுக்கு,

ஹாஸ்டல் ஆபீசிலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோட்டாட்சியர் ஆபீசில் கேட்டது போலவே கேட்டார்கள், "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்று. "அப்பவும் தெரிஞ்சிக்கினுதான் சார் பொய் எழுதினேன்" என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? அரையாண்டு லீவு முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை இருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும். பிள்ளைகள், "ஆண்டாளம்மா இல்லாட்டி சாப்பிடமாட்டோம்" என்று வார்டனிடம் சொன்னதுகளாம். அடிப்பிடித்த சாம்பாருக்கு இவ்வளவு மவுசு!

நீ கேட்டதற்கு வருகிறேன். சொன்னான். சொன்னதை நான் மறைத்தேன். பதினாறாம் நாளில் நீ என்னை அப்படிப் பேசினாயே, அந்த ஆத்திரம். அவன் உனக்காக விட்டுப்போனதை உனக்குத் தரக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். என்னை என்ன செய்தாலும் தகும்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் பாறையில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் கோமுகி அணை தண்ணீர் தெரியும், அதற்கு அப்பால் உங்கள் சமவெளி முழுக்கத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காப்பி கொண்டுபோனேன். "நிர்மலா கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து மலையைப் பாக்கணும்னு கேட்டுக்கினே கீறா அக்கா. நம்ம வூட்டு வாசல்ல நின்னா நீலமா தெரியுது, கிட்ட போனா எப்படி இருக்கும்ன்றா. ஒவ்வொரு வாட்டியும் தண்ணி பாய்ச்சணும், களை எடுக்கணும்னு சொல்லிட்டேன். பதினாலு வருஷமாச்சு. ஒருநாள் இட்டுக்கினு வரேன்னு சொல்லி ஏமாத்திட்டேன்" என்றான்.

"அதுக்கின்னாடா, அடுத்த பொங்கலுக்கு இட்டுக்கினு வா" என்றேன்.

"அவளுக்கு ஜன்னல் சீட்டு புடிக்கும்" என்றான். அவ்வளவுதான். வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை. என்னைப் பற்றிக்கூட.

ஆண்டாள்


நாவல்மேடு,
8.1.2024

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். பனி விலகி மலை நீலமாகத் தெரிந்தது. கல்யாணமான மறுநாள் காலை அதே இடத்தில் நின்றுதான் அவரிடம் கேட்டேன். அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்கு இது போதும் என்று எழுதலாம் என்று பார்த்தேன். போதவில்லை. அவர் வேண்டும். ஆனாலும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. காணும் பொங்கலன்று எல்லாரும் எங்காவது போவார்கள், பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். அதற்கு மறுநாள் நானும் சந்தியாவும் வருகிறோம். காலையில் சின்னசேலத்திலிருந்து கிளம்பி, கள்ளக்குறிச்சியில் வண்டி மாறி, உங்கள் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவோம். ஜன்னல் சீட்டு எனக்கு, சந்தியா ஒப்புக்கொண்டுவிட்டாள். அந்தப் பாறையைக் காட்டுங்கள். அரிசிப்பானையில் இருக்கிற நூறு ரூபாயை எடுத்து வையுங்கள், அது எங்கள் திரும்பும் பஸ்ஸுக்கு. அவர் கொடுத்த மாதிரி இருக்கட்டும்.

இத்தனை நாளாக நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தது, உங்கள் வீட்டுக்கு வந்தவரைத் தனியே திருப்பி அனுப்பிவிட்டீர்களே என்ற கோபத்தில் மட்டும் இல்லை. அக்காவும் தம்பியும் என் பேரை ஒரே மாதிரி கூப்பிடுவீர்கள். நிர்மலா என்பதில் அந்தக் கடைசி எழுத்தை இழுத்து, முடிவில் கொஞ்சம் சிரிப்பு கலந்து. வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பதினாறாம் நாள் நீங்கள் கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். அவர்தான் என்று நினைத்து, "தோ வரேங்க" என்று எழுந்து ஓடினேன். ஓடி வந்து பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். அந்தக் கணத்தை இன்னொரு தரம் தாங்கமுடியாது என்றுதான் சத்தியம் செய்தேன்.

இப்போது தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். வண்டி வந்து நின்றதும் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தள்ளி நின்றே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் கேட்டுவிட்டு, பிறகு இறங்குகிறேன்.

நிர்மலா